ஒரு மணி நேரம் பிந்தி வரும் எண்ணிக்கை

பிரிட்டனில் இரவு 9 மணி என்றால் தொலைக்காட்சி நிறுவனங்களுக்குள் கடும் போட்டி. பெரியவர்களுக்கு மட்டுமான காட்சிகளை ஒளிபரப்ப அங்கே விதிப்படி அனுமதி தொடங்குவது 9 மணிக்கு. பிள்ளைகள் தூங்கி, சமையலறை ஓய்ந்து, வீட்டார் சோபாவில் சாயும் நேரமும் அதுதான். பிபிசி ஒன்னும் ஐடிவியும் பெரும் பணம் செலவழித்து எடுத்த நாடகங்களை அந்த மணிக்கே வைக்கும். நேயர் ஒன்றைப் பார்த்தால் மற்றதை விட வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க வந்ததுதான் 'பிளஸ் ஒன்' சேனல். தாய்ச் சேனலில் 9 மணிக்கு வந்த நிகழ்ச்சி பெரும்பாலும் மாற்றமில்லாமல், விளம்பர இடைவேளைகளோடு, இதில் 10 மணிக்கு வரும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நேரம் தள்ளி ஒளிபரப்புவது நிலப்பரப்பு ஏற்படுத்திய தேவை. நியூயார்க்கில் இரவு 9 மணி ஆகும்போது லாஸ் ஏஞ்சல்ஸில் மாலை 6 மணிதான். பிரிட்டன் முழுவதற்கும் ஒரே கடிகாரம். அங்கே இந்தத் தள்ளிவைப்பு முழுக்க வணிகமும் வசதியும் சேர்ந்து எடுத்த முடிவு. சிறிய டிஜிட்டல் சேனல்கள் முதலில் தொடங்கிவைத்ததைப் பெரிய சேனல்கள் பிறகு கையிலெடுத்தன. சேனல் 4 தன் பிளஸ் ஒன்னை 2007 ஆகஸ்டிலும், ஐடிவி 2011 ஜனவரியிலும், சேனல் 5 அதே ஆண்டு டிசம்பரிலும் தொடங்கின.

இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகப் புகழவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. நேயருக்கு இது நல்ல வசதி. பார்த்தவரை எண்ணிக்கையில் சேர்ப்பதும் நியாயம். ஆனால் எப்படிச் சேர்க்கிறோம், அந்தத் தொகையை வைத்து எதைத் தீர்மானிக்கிறோம் என்ற இடத்தில்தான் தவறு நுழைகிறது.

நன்மைகளை முதலில் பார்ப்போம். பேருந்து தாமதமாகி 9:20க்கு வீடு சேர்ந்தவர் கதையை நடுவில் பிடிக்க வேண்டியதில்லை. 10 மணிக்குத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். முன்கூட்டிப் பதிவுசெய்ய நினைவு வேண்டியதில்லை, இணையம் வேண்டியதில்லை, கடவுச்சொல் வேண்டியதில்லை. ரிமோட்டில் ஒரு எண்ணை அழுத்தத் தெரிந்தால் போதும். முதியவர்களுக்கும் தனியாக வாழ்பவர்களுக்கும் இந்த எளிமை பெரிய விஷயம். 9 மணிக்குப் பிபிசி நாடகத்தையும் 10 மணிக்கு ஐடிவி நாடகத்தையும் ஒரே இரவில் பார்த்துவிட முடிகிறது.

விளம்பரதாரருக்கும் இதில் லாபம் உண்டு. 2001இல் ஸ்கை பிளஸ் பதிவுக்கருவி வந்தபின், பதிவுசெய்து பார்ப்பவர்கள் இடைவேளைகளை ஓட்டித் தள்ளத் தொடங்கினார்கள். பிரிட்டனில் பார்வையாளர்களைக் கணக்கிடும் 'பார்ப்' அமைப்பு, இயல்பான வேகத்தில் பார்த்த விளம்பரத்தைத்தான் கணக்கில் எடுக்கும். ஓட்டித் தள்ளியதை எடுக்காது. பிளஸ் ஒன்னிலோ ஓட்டித் தள்ள வழியில்லை. அது நேரலைச் சேனல் போலவே ஓடுகிறது. எனவே பதிவுக்கருவிக்குப் போய்விடக்கூடிய நேயரை விளம்பரத்தோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் வேலி அது. ஒவ்வொரு விளம்பரமும் எத்தனை கண்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை வைத்து விலை பேசும் சந்தையில் இது சிறிய ஆதாயம் அல்ல.

கணக்கிடும் விதி ஒரு சேனலின் பிறப்பையே எப்படிப் பாதிக்கும் என்பதற்கு ஐடிவியே சாட்சி. ஐடிவியின் இரு பெரிய நிறுவனங்களான கார்ல்டனும் கிரனாடாவும் இணைய 2003இல் அனுமதி கிடைத்தபோது, ஐடிவியின் முதன்மைச் சேனலான ஐடிவி1இன் விளம்பர விற்பனைக்கு ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பார்வையாளர் பங்கு குறைந்தால் விளம்பரதாரரும் தன் செலவைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 2010இல் போட்டி ஆணையம் அதை மறுஆய்வு செய்தபோது, 'ஐடிவி1' என்ற வரையறைக்குள் பிளஸ் ஒன் வடிவத்தையும் எச்டி வடிவத்தையும் சேர்த்தது. அதாவது நேயர் பிளஸ் ஒன் நகலுக்குத் தாவினாலும் ஐடிவி1இன் கணக்கில்தான் இருப்பார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஐடிவி1 பிளஸ் ஒன் திரைக்கு வந்தது.

இனிக் குறைகள். எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். பார்ப் 1981இல் அமைக்கப்பட்டது. பல ஆண்டுகளாகச் சுமார் 5,100 வீடுகளைக் கொண்ட மாதிரியை வைத்து, நிமிடம் நிமிடமாக அளந்துவந்தது. பின்னர் அந்த மாதிரி விரிவாக்கப்பட்டது. ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை பேர் என்று அது சொல்வது நிமிடச் சராசரி. இந்தச் சராசரியில் தாயையும் நகலையும் கூட்டுவதில் பிழை இல்லை. ஒருவர் கடைசி 40 நிமிடங்களைத் தாய்ச் சேனலிலும், விட்டுப்போன முதல் 20 நிமிடங்களைப் பிளஸ் ஒன்னிலும் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 60 நிமிடம்; ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு பார்வையாளர். கணக்கு சரி.

ஆனால் 'மொத்தம் எத்தனை பேரைச் சென்றடைந்தது' என்ற கேள்விக்கு அதே கூட்டலைச் செய்தால் அந்த ஒருவரே இருவராகிவிடுவார். 'பங்கு' என்ற சதவீதத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. உதாரணமாக, 9 மணிக்கு நாட்டில் 2 கோடிப் பேர் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். அவர்களில் 40 லட்சம் பேர் ஒரு நாடகத்தைப் பார்த்தால் பங்கு 20 சதவீதம். 10 மணிக்குப் பார்ப்போர் ஒன்றரைக் கோடியாகக் குறைந்து, பிளஸ் ஒன்னில் 3 லட்சம் பேர் இருந்தால் அது 2 சதவீதம். இரண்டையும் கூட்டி 22 சதவீதம் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் மொத்தம் வேறு வேறு. இப்படிக் கூட்டிய எண்ணோடு பிளஸ் ஒன் இல்லாத போட்டிச் சேனலின் எண்ணை ஒப்பிடுவது, ஒருவரின் ஒரு நாள் வியாபாரத்தோடு இன்னொருவரின் ஒன்றரை நாள் வியாபாரத்தை ஒப்பிடுவது போன்றது.

அடுத்தது நிகழ்ச்சி நிரலுக்கு ஏற்படும் சேதம். நல்ல நிரல் பூ தொடுப்பது போல. பலரும் விரும்பும் நிகழ்ச்சியை ஒட்டி, பலரும் தேடிப் போகாத ஆனால் பார்க்க வேண்டிய ஒன்றை வைப்பார்கள். முன்னதைப் பார்க்க உட்கார்ந்தவர் பின்னதையும் பார்ப்பார். ஐடிவியில் 9 மணி நாடகத்தை அடுத்து 10 மணிக்குச் செய்தி வருகிறது. அதே 10 மணிக்குப் பிளஸ் ஒன்னில் நாடகம் மறுபடி தொடங்குகிறது. பிபிசியைப் பார்த்து முடித்த நேயர் இப்போது ஐடிவி செய்திக்கு வருவதில்லை. ஐடிவியின் நகலுக்குப் போகிறார். நாடகத்தின் கணக்கு ஏறுகிறது. அதே நிறுவனத்தின் செய்தி தன் வீட்டுக்குள்ளேயே போட்டியைச் சந்திக்கிறது. மக்கள் மன்றத்துக்கு வேண்டிய செய்தியை நாடகத்தின் நகல் விழுங்குவதை வெறும் உள்வீட்டுக் கணக்கு என்று விட்டுவிட முடியாது.

காலத்தோடு பிணைந்த நிகழ்ச்சிகளுக்கு நகல் பொருந்துவதும் இல்லை. வாக்களிப்புப் போட்டிகள் பிளஸ் ஒன்னில் வரும்போது வாக்குப்பதிவு முடிந்திருக்கும். அழைக்க வேண்டாம் என்று திரையில் எச்சரிக்கை போட வேண்டியிருக்கிறது. ஐடிவியின் எல்லா வட்டாரப் பதிப்புகளுக்கும் தனித்தனி நகல் இல்லாததால், பலர் தங்கள் ஊர்ச் செய்திக்குப் பதில் வேறு வட்டாரத்தின் செய்தியைப் பார்க்க நேர்கிறது. பெரியவர்களுக்கான காட்சிகளுக்கு அனுமதி காலை 5:30க்கு முடிகிறது. தாய்ச் சேனலில் 5 மணிக்குப் போனது நகலில் 6 மணிக்கு வரும் என்பதால், விடியற்கால நிரலையும் நகலை மனத்தில் வைத்தே அமைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இடத்தைப் பற்றியது. வீட்டுக்கூரை ஆன்டெனாவுக்கு வரும் ஃப்ரீவியூ ஒளிபரப்பில் அலைவரிசை இடம் அளவானது. அங்கே ஒரு நகல் உட்கார்ந்தால் புதிதாக ஒன்றுக்கு இடம் குறைகிறது. இந்தக் கேள்வி பிபிசியில் நேராகவே எழுந்தது. இளைஞர்களுக்கான பிபிசி த்ரீயை ஒளிபரப்பிலிருந்து எடுத்து இணையத்துக்கு மாற்றி, அது விட்டுச்செல்லும் இடத்தில் பிபிசி ஒன்னின் பிளஸ் ஒன்னை வைக்கலாம் என்று நிர்வாகம் முன்மொழிந்தது. அப்போதைய மேற்பார்வை அமைப்பான பிபிசி டிரஸ்ட் 2015இல் முதல் பகுதியை ஏற்று, இரண்டாவதை மறுத்தது. மக்களுக்குக் கிடைக்கும் பயன் குறைவு, வணிகச் சேனல்களுக்கு ஏற்படும் பாதிப்பு அதிகம் என்பது அதன் காரணம்.

அந்த மறுப்பு சரியானது. 'கேவின் அண்ட் ஸ்டேசி' என்ற நகைச்சுவைத் தொடர் 2007இல் பிபிசி த்ரீயில்தான் முதலில் ஒளிபரப்பானது. வளர்ந்து பிபிசி ஒன்னுக்கு வந்து, 2019, 2024 கிறிஸ்துமஸ் இரவுகளில் கோடிக்கும் மேற்பட்டோரை ஒன்றாக உட்கார வைத்தது. ஒரு நகல் சேனல் எத்தனை ஆண்டு ஓடினாலும் இப்படி ஒரு தொடரைப் பெற்றெடுக்காது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு நகல் மலிவான வெற்றி. நாளைய எழுத்தாளரையும் நடிகரையும் நினைப்பவருக்கு அது ஒரு வாசலை அடைப்பது.

தமிழ்நாட்டில் நேரம் தள்ளிய தனிச் சேனலுக்குப் பதில், இரவு சீரியலை மறுநாள் பகலில் மறுஒளிபரப்பு செய்வது வழக்கம். வடிவம் வேறானாலும் பாடம் ஒன்றுதான்: முதல் ஒளிபரப்பின் எண்ணையும் மறுஒளிபரப்பின் எண்ணையும் தனித்தனியே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பிளஸ் ஒன் இருக்கட்டும். இணையத்துக்குப் போகாத நேயருக்கு அது இன்னும் துணை. ஆனால் தாய்ச் சேனல், பிளஸ் ஒன், பதிவுசெய்து பார்த்தது என்ற மூன்று எண்களையும் தனித்தனியே வெளியிட வேண்டும். சராசரியைக் கூட்டலாம், சதவீதப் பங்கைக் கூட்டக் கூடாது. அலைவரிசை இடம் குறைவாக உள்ளபோது புதியதற்கே முன்னுரிமை தர வேண்டும். பிபிசியிலும் இறுதியில் அதுதான் நடந்தது: 2016 பிப்ரவரியில் ஒளிபரப்பிலிருந்து எடுக்கப்பட்ட பிபிசி த்ரீ, 2022 பிப்ரவரி 1 அன்று மீண்டும் சேனலாகவே திரும்பி வந்தது.