எதிர்வீட்டுச் சன்னல்: சந்தேகப் படங்களின் மூன்று மரபுகள்

அண்டை வீட்டை நோட்டமிடுகிறவரைக் கதைநாயகராக்கும் படங்கள் உளவியல் த்ரில்லரில் ஒரு தனிக் கிளை. உலக சினிமாவில் அதற்கு மூன்று மரபுகள் உண்டு.

முதலாவது, சந்தேகம் மெய்யாகும் மரபு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) இதற்கு முன்னோடி. கால் முறிந்து சக்கர நாற்காலியில் முடங்கிய புகைப்படக்காரர், எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியைக் கொன்றுவிட்டதாக நம்புகிறார். கேமரா பெரும்பாலும் அவர் அறையை விட்டு நகர்வதில்லை. அவர் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். ஓரிடத்தில் ஹிட்ச்காக் இந்த விதியை மீறுகிறார். நாயகர் கண்ணயர்ந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் ஒரு பெண்ணுடன் வெளியே போகிறார். அது நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியாது. மனைவி உயிரோடுதான் இருக்கிறாளோ என்று அந்தச் சில விநாடிகளில் நமக்குத் தோன்றிவிடுகிறது. நாயகரின் புத்திமீதே சந்தேகம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, சந்தேகம் ஆளையே விழுங்கும் மரபு. ரோமன் பொலான்ஸ்கி இயக்கி நடித்த 'தி டெனன்ட்' (1976) பாரிஸில் நடக்கிறது. சன்னலிலிருந்து குதித்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறான் நாயகன். சத்தம் போடுகிறான் என்று அண்டை வீட்டார் ஓயாமல் புகார் சொல்கிறார்கள். கஃபேக்காரர் அவன் கேட்காமலேயே அவள் வழக்கமாகக் குடித்த சூடான சாக்லேட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். எல்லோரும் சேர்ந்து தன்னை அவளாக மாற்றுகிறார்கள் என்று நம்பத் தொடங்கியவன், கடைசியில் அவள் உடையணிந்து அதே சன்னலிலிருந்து குதிக்கிறான்.

மூன்றாவது, ஏக்கத்தின் மரபு. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'காதலைப் பற்றி ஒரு குறும்படம்' (1988) படத்தில் அஞ்சலக இளைஞன் ஒருவன் எதிர்வீட்டுப் பெண்ணைத் தொலைநோக்கியில் பார்க்கிறான். அவள் தன் கவுன்டருக்கு வரவேண்டும் என்பதற்காகப் பொய்யான பணவிடை அறிவிப்புகளை அனுப்புகிறான். முடிவில் அதே தொலைநோக்கி அவள் கைக்கு வருகிறது.

இந்தப் படங்களை எதை வைத்து மதிப்பிடுவது? திடீர்த் திருப்பத்தை வைத்தல்ல. பார்த்தவர் கொடுக்கும் விலையை வைத்துத்தான். ஹிட்ச்காக்கின் நாயகர் சொன்னது சரியாகவே இருந்தும், கடைசிக் காட்சியில் அவருடைய இரண்டு கால்களிலும் மாவுக்கட்டு. போலந்து இளைஞன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். 'ஆர்லிங்டன் ரோடு' (1999) படத்தின் பேராசிரியர் பக்கத்து வீட்டுக்காரரைத் தீவிரவாதி என்று சரியாகவே கண்டுபிடிக்கிறார். பேராசிரியரின் சந்தேக வெறியையே கருவியாக்கித் தீவிரவாதிகள் அவரைக் கொன்று, பழியையும் அவர்மேல் சுமத்துகிறார்கள். 'டிஸ்டர்பியா' (2007) நாயகனுக்கோ சந்தேகமும் பலிக்கிறது, வீட்டுக்காவலும் நீங்குகிறது, காதலியும் கிடைக்கிறாள். பொழுதுபோக்காகப் பார்க்கலாம், ஆனால் முன்சொன்ன படங்களின் வரிசையில் அதற்கு இடமில்லை.