எதிரியா, இயல்பா? ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறித்த தமிழ் எழுத்துகள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆக்சிஜனேற்ற அழுத்தமே பல நோய்களுக்குக் காரணம், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் நிறைந்த உணவே அதற்கு மருந்து என்னும் கருத்து தமிழ் மருத்துவ, உணவியல் எழுத்துகளில் நிலைபெற்றுள்ளது. நொதிக் குறைபாட்டு நோய்களையும் பெருந்திரள் மருத்துவச் சோதனைகளின் முடிவுகளையும் கொண்டு அக்கருத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. உடலைக் காப்பதில் நொதிகளுக்குள்ள முதன்மை விடுபடுவதே பிழையான முடிவுகளுக்கு வழிவகுக்கிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆக்சிஜனேற்ற அழுத்தம், நொதிகள், தனியுறுப்புகள், எதிர்ப்பிகள், கலைச்சொல்.

முன்னுரை

மஞ்சள், நெல்லிக்காய், முருங்கைக்கீரை, கறிவேப்பிலை முதலியவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்படும் அறிவியல் கட்டுரைகளுள் பல ஒரே தடத்தில் செல்கின்றன. உடலில் தனியுறுப்புகள் தோன்றுகின்றன. அவை செல்களைச் சிதைத்துப் புற்றுநோய், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. குறிப்பிட்ட தாவரத்திலுள்ள எதிர்ப்பிகள் தனியுறுப்புகளை அழிக்கின்றன. ஆகவே அத்தாவரம் இந்நோய்களைத் தடுக்கும் என்பது அத்தடம். பழந்தமிழர் உணவையும் சித்த மருத்துவ மூலிகைகளையும் ஆராயும் கட்டுரைகளும் தம் முடிவுரையில் இவ்வாதத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு. இதன் தொடக்கக் கூற்றுகளுக்கு அறிவியல் அடிப்படை உண்டு. அவற்றிலிருந்து இறுதி முடிவுக்குச் செல்லும் வழி உறுதியானதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கருத்தாக்கமும் கலைச்சொல்லும்

முதுமைக்குத் தனியுறுப்புகளே காரணமாகலாம் என்னும் கொள்கையை 1956இல் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்தார். 1969இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த, செப்பு கலந்த ஒரு புரதம் சூப்பர் ஆக்சைடை நீக்கும் நொதியே என நிறுவினர். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் எனப் பெயர்பெற்ற அந்நொதியின் கண்டுபிடிப்பே இத்துறைக்கு அடித்தளமாயிற்று. 1985இல் ஹெல்முட் சீஸ், ஆக்சிஜனேற்றும் பொருள்களுக்கும் அவற்றைத் தணிக்கும் பொருள்களுக்கும் இடையிலான சமநிலை முன்னவற்றின் பக்கம் சாய்வதே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என வரையறுத்தார்.

இவ்வரையறையின் உயிர்நாடி சமநிலை என்னும் கருத்தாகும். தமிழ்க் கலைச்சொல்லில் அது மறைந்துவிடுகிறது. ‘அழுத்தம்’ என்னும் சொல் வெளியிலிருந்து வந்து நெருக்கும் ஒன்றை நினைவூட்டுகிறது. ‘எதிர்ப்பி’ என்னும் சொல் பகையை நினைவூட்டுகிறது. இவ்விரண்டும் இணையும்போது தனியுறுப்பு பகையாகவும் உணவு படைக்கலமாகவும் உருவகம் பெறுகின்றன. பின்வரும் பிழைகள் பலவும் இவ்வுருவகத்தோடு தொடர்புடையன.

நொதிகள் கற்பிக்கும் பாடம்

சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றுகிறது. அப்பெராக்சைடைக் கேட்டலேஸ் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. செலினியம் கொண்ட குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் பெராக்சைடுகளை ஒடுக்குகிறது. வைட்டமின் மூலக்கூறு ஒரு தனியுறுப்பைத் தணித்ததும் தானே மாற்றமடைகிறது. வேறொரு பொருள் அதனை மீட்டால்தான் அது மீண்டும் பயன்படும். நொதியோ வினை முடிந்தபின் பழைய நிலைக்கே திரும்பி அடுத்த வினைக்கு ஆயத்தமாகிறது. எனவே காப்பின் பெரும்பகுதியை நொதிகளே ஏற்கின்றன.

தனியுறுப்புகளை உடலே வேண்டி உண்டாக்கும் இடமும் உண்டு. வெள்ளையணுக்களிலுள்ள என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்னும் நொதி, விழுங்கிய கிருமிகளைக் கொல்வதற்காகச் சூப்பர் ஆக்சைடை உருவாக்குகிறது. இந்நொதி பிறவியிலேயே பழுதுபட்டவர்க்கு நாட்பட்ட குருணைக்கட்டி நோய் ஏற்படுகிறது. பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றுகள் அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன. தனியுறுப்பு முற்றிலும் பகையாயின், அதனை உண்டாக்க இயலாத உடல் நலம்பெற்றிருக்க வேண்டும். உண்மை அதற்கு மாறாக உள்ளது.

ஜி6பிடி நொதிக் குறைபாடு இன்னும் தெளிவான சான்றாகும். உலகில் சுமார் 40 கோடிப் பேர்க்கு இக்குறைபாடு உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை. குளூட்டாதயோனை மீட்கத் தேவையான என்ஏடிபிஎச்சுக்கு அது இந்நொதி இயங்கும் வழியையே நம்பியுள்ளது. ஆகவே இக்குறைபாடு உடையவர் மலேரியாவுக்கான பிரைமாகுவினை உட்கொண்டாலோ ஃபாவா அவரையை உண்டாலோ சிவப்பணுக்கள் சிதைந்து சோகை உண்டாகலாம். மிகுந்த அளவில் செலுத்தப்படும் வைட்டமின் சியும் இவர்களிடம் அதே சிதைவை ஏற்படுத்தவல்லது. எதிர்ப்பி எனப் போற்றப்படும் பொருள் நொதி குறைந்த உடலில் ஆக்சிஜனேற்றியாகச் செயற்படும் இந்நிலையை, மேற்சுட்டிய தடத்தில் செல்லும் கட்டுரைகளால் விளக்க இயலாது.

மருத்துவச் சோதனைகளின் தீர்ப்பு

எதிர்ப்பிகள் புற்றுநோயைத் தடுக்குமா என்பது ஊகமாகவே விடப்படவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடைபெற்ற சோதனையின் முடிவுகள் 1994இல் வெளியாயின. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் புகைபிடித்தோரும் கல்நார்த் தூசிக்கு ஆளானோருமாக 18,314 பேரைக் கொண்டு, பீட்டா கரோட்டினையும் ரெட்டினாலையும் சேர்த்து வழங்கிய மற்றொரு சோதனையில் அப்புற்றுநோய் 28 விழுக்காடு மிகுந்தது. அச்சோதனை 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 35,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற பிறிதொரு சோதனையில், வைட்டமின் இ மட்டும் பெற்றவரிடையே புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்ததை 2011இல் வெளியான முடிவுகள் காட்டின.

இதனால் எதிர்ப்பிகள் யாவும் பயனற்றவை என்று முடிவுகட்டலாகாது. பாராசிட்டமால் நச்சேற்றத்தில் குளூட்டாதயோன் தீர்ந்து கல்லீரல் சிதையும்போது, அதன் மூலப்பொருளை ஈடுசெய்யும் அசிட்டைல்சிஸ்டீன் உயிர்காக்கிறது. வயது முதிர்வால் விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோயில், குறிப்பிட்ட வைட்டமின்களும் துத்தநாகமும் கொண்ட கலவை நோய் முற்றுவதைக் குறைத்தமை 2001இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. இவ்விரண்டிலும் நோய், இலக்கு, அளவு ஆகியன வரையறுக்கப்பட்டுள்ளன என்பது கருதத்தக்கது. பொதுவான ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு’ இவற்றுள் எதிலும் மருந்தாகவில்லை.

சோதனைக்குழாயும் உடலும்

தமிழ்க் கட்டுரைகள் மேற்கோளாகக் காட்டும் சான்றுகளுள் டிபிபிஎச் சோதனை முதன்மையானது. ஊதா நிறமுடைய ஒரு தனியுறுப்புக் கரைசலில் தாவரச் சாற்றைச் சேர்க்க, நிறம் மங்கி மஞ்சளாகிறது. அம்மங்கல் 517 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படுகிறது. வேதியியல் நோக்கில் இது பயனுள்ள சோதனையே. ஆயினும் டிபிபிஎச் மனித உடலில் இயல்பாகத் தோன்றும் பொருளன்று. சாறு செரிக்கப்படுவதையோ உறிஞ்சப்படுவதையோ கல்லீரலில் மாற்றமடைவதையோ இச்சோதனை காட்டாது. மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது என்பது நன்கறியப்பட்ட செய்தி. கரைசலின் நிறம் மாறியதைக் கொண்டு நோய் தடுக்கப்படும் என்று எழுதுவது சான்றின் எல்லையைக் கடந்து செல்வதாகும்.

முடிவுரை

இக்குறை மொழிநடையோடு நிற்பதன்று. இத்தகைய கட்டுரையைப் படித்த நீரிழிவு நோயாளி மருந்தைக் கைவிட்டுப் பொடியை நாடலாம். ஜி6பிடி குறைபாடு உள்ளதை அறியாத ஒருவர் வைட்டமினை மிகையாக ஏற்றுக்கொள்ளலாம். ஆதலின் ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றி எழுதுவோர், எந்த மூலக்கூறு, எந்த உறுப்பில், எந்த நொதியின் மிகையாலோ குறையாலோ நோய்க்குக் காரணமாகிறது என்பதைச் சுட்டுதல் வேண்டும். சான்று சோதனைக்குழாயிலிருந்து பெறப்பட்டதா, விலங்கிலிருந்தா, மனிதரிலிருந்தா என்பதையும் தெரிவித்தல் வேண்டும். ‘ஆக்சிஜனேற்றச் சமநிலைக் குலைவு’ என்னும் தொடரை ஆள்வது சீஸின் வரையறைக்கு நெருக்கமாக அமையும். முன்னோர் உணவின் சிறப்பை நிலைநாட்ட நிறம் மங்கிய கரைசல் வேண்டியதில்லை. அச்சிறப்பு உண்மையாயின், மனிதரிடம் நிகழும் முறையான சோதனைகளை அது அஞ்சவும் வேண்டியதில்லை.