ஒப்பிடுவோர் வழிகளும் ஓர் அகலிகையும்

கும்பகருணனா, வீடணனா? இந்தக் கேள்வியைக் கேட்டே கம்பனுக்குள் நுழைந்தவர்கள் நம்மில் பலர். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபின், பாத்திரங்களை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் பழக்கம் புலவர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஊர்ப் பந்தலுக்கு வந்தது. ஏட்டையே தொடாதவர்கூட ‘செஞ்சோற்றுக் கடனா, அறமா’ என்று வழக்காடினார். இது சின்ன சாதனை இல்லை. ஆனால் பட்டிமன்றத்தில் கட்சி கட்டியாக வேண்டும், நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கும்பகருணன் கட்சிக்காரர் தம் வாதத்துக்கு இடைஞ்சலான பாட்டை மெல்ல மறைத்துவிடுவார். எதிர்க்கட்சிக்காரரும் அப்படியே. கைதட்டல் கிடைக்கும்; பாத்திரம் பாதியாய்க் குறைந்துபோகும்.

வ.வே.சு. ஐயரும் ஒருவகையில் வழக்கறிஞர்தான்; லண்டனில் பாரிஸ்டர் படிப்புப் படித்தவர். பல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய ஆய்வு, அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்தே நூலாயிற்று. ஹோமர், வர்ஜில், மில்டன், வால்மீகி என்று ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி, கம்பனே முந்தி நிற்கிறான் என்று அவர் நிறுவுகிறார். அன்றைய ஆங்கிலப் பட்டதாரிக்கு மில்டன்தான் அளவுகோல். அந்தக் கோலையே வாங்கி அதனாலேயே அளந்து காட்டியதில் ஒரு சுதேசி மிடுக்கு இருந்தது. அந்தக் காலத்துக்கு அது வேண்டியும் இருந்தது. இன்று அந்த வெற்றி அறிவிப்புகளைப் புரட்டிக்கொண்டு போய்விடலாம். போர்க்களக் காட்சிகளை அவர் வரிவரியாக அவிழ்க்கும் இடங்களில் மட்டும் நின்று படிக்க வேண்டும்.

யார் பெரியவர் என்ற கேள்வியையே ஓரம் தள்ளியவர் யாழ்ப்பாணத்துக் கைலாசபதி. பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்விலிருந்து 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த அவருடைய ஆங்கில நூல், சங்க வீரப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு வைத்துப் பார்த்தது. எத்தகைய சமுதாயம் இத்தகைய பாட்டைப் பாட வைக்கிறது என்பதே அவர் கேள்வி. பாணன், புரவலன், பரிசில், திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் எல்லாம் சான்றாயின. அடுத்த ஆண்டே ‘ஒப்பியல் இலக்கியம்’ தமிழில் வந்தது. சங்கப் புலவர் பாணர் அல்லர், பாணர் மரபைக் கற்றுப் பாடியவர் என்று ஜார்ஜ் ஹார்ட் பின்னர் வேறு முடிவுக்குப் போனார். என் கணக்கில் அது கைலாசபதிக்குக் குறை இல்லை. மறுக்க இடம் கொடுக்கும் ஒப்பீடுதான் ஆய்வு. கம்பனே உயர்ந்தவன் என்பதை எதைக் கொண்டு மறுப்பது?

பிறகு பல்கலைக்கழகங்கள் வந்தன. தமிழண்ணலும் வை. சச்சிதானந்தனும் மதுரையிலிருந்து முறைநூல்கள் எழுதினார்கள், க. செல்லப்பன் இளங்கோவையும் ஷேக்ஸ்பியரையும் துன்பியல் நோக்கில் ஒப்பிட்டார். ஒருவர் மற்றவரைப் படித்ததற்குத் தடயம் காட்டு என்பது பிரெஞ்சு மரபு. தடயம் இல்லாவிட்டாலும் ஒப்புமை பேசும் என்பது அமெரிக்க மரபு. இரண்டும் பாடத்திட்டத்தில் ஏறின. கூடவே இன்னொன்றும் ஏறியது: இரண்டு கவிஞர் பெயரை ‘உம்’ போட்டு இணைத்து, வாழ்க்கை, உவமை, இயற்கை, பெண்மை என இயல் பிரித்து எழுதும் ஆய்வேடு. இவரும் நிலாவைப் பாடினார், அவரும் நிலாவைப் பாடினார். சரி, அதனால் என்ன?

இந்த வழிகளையெல்லாம் ஒரு பாத்திரத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். வால்மீகியின் அகலிகை கல்லாவதில்லை. சாபத்தால் எவர் கண்ணுக்கும் படாமல், காற்றையே உணவாக்கி, சாம்பலில் கிடக்கிறாள். வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே இசைந்தவள் அவள். சாபம் தீர்ந்ததும் இராமலக்குவர் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பனில் அவள் கல்; இராமன் அடித்துகள் பட்டு எழுகிறாள். இந்த இரண்டை மட்டும் படித்தவர், கல்லாக்கியது கம்பன் கற்பனை என்று சட்டென்று எழுதிவிடுவார். பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டில் நப்பண்ணனார் காட்டும் பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பூனையாய் நழுவும் இந்திரன், அகலிகை, கௌதமன், அவன் சினத்தால் கல்லான கோலம் என்று படம் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொன்றாக விளக்கிக்கொள்கிறார்கள். கம்பனுக்குப் பல நூற்றாண்டு முன்பே கல்லும் பூனையும் தமிழ்நாட்டுச் சுவரில் இருந்தன. காளிதாசனின் ரகுவம்சத்திலும் அவள் கல்தான். மூன்றாவது சாட்சியைக் கூப்பிடாத ஒப்பீட்டை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் கம்பன் சொந்தமாகச் செய்தது என்ன? வந்தவன் யார் என்று இடையில் உணர்ந்தும் அவள் விலகவில்லை என்று அவனே சொல்கிறான். சாபம் நீங்கியபின், மனத்தால் பிழை செய்யாதவள் என்ற சொல்லும் அவன் பாட்டிலேயே வருகிறது. உரைகாரர்கள் இந்த முரணைப் பூசி மெழுகப் படாதபாடு படுகிறார்கள். பூசவே வேண்டாம் என்பேன். முதலில் பேசுவது நடந்ததைச் சொல்லும் கவிஞன். பிறகு பேசுவது மன்னிக்கத் துணிந்த உலகம்.

அந்த மன்னிப்பைத்தான் 1943இல் புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் கிளறினார். சாபம் நீங்கியவள் நிம்மதியாக வாழ்கிறாளா? காட்டிலிருந்து திரும்பிய சீதை, தீக்குளிக்கச் சொன்னது இராமனே என்று சொல்லக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். தெலுங்கில் ஓல்கா எழுதி 2015இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘விமுக்தா’விலும் சீதையும் அகலிகையும் சந்திக்கிறார்கள். அங்கே திசை மாறியிருக்கிறது: எந்தச் சோதனைக்கும் உடன்படாதே என்று சீதையை எச்சரிப்பவள் அகலிகை. பிரெஞ்சு வழிக்காரர் இவர் அவரைப் படித்தாரா என்று தடயம் தேடட்டும். கைலாசபதி இருந்திருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பெண்ணியம் ஓர் இயக்கமாக எழுந்ததைச் சுட்டியிருப்பார். புதுமைப்பித்தனின் அகலிகைக்குச் செய்தி கடைசியில் வருகிறது. செய்ய எதுவும் மிச்சமில்லை. ஓல்காவின் அகலிகைக்கோ எச்சரிக்க ஒருத்தி எதிரில் இருக்கிறாள்.