சஸ்பென்ஸும் சாட்சியமும்

முடிவு தெரிந்த கதையில் சஸ்பென்ஸ் எங்கிருந்து வருகிறது என்று அம்பத்தூர் நண்பர் ஒருவர் கேட்டார். நாகேஷ் குக்குனூர் இயக்கிய 'தி ஹன்ட்' தொடரை அவர் வீட்டில் இரண்டு இரவுகளில் சேர்ந்து பார்த்திருந்தோம். 2025 ஜூலையில் சோனிலிவ்வில் வந்தது, ஏழு பகுதிகள். ராஜீவ் காந்தி கொலையின் புலன்விசாரணைதான் விஷயம். பத்திரிகையாளர் அனிருத்ய மித்ராவின் 'நைன்டி டேஸ்' என்ற புத்தகம் ஆதாரம். கொன்றது யார், தப்பியவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதெல்லாம் தமிழ்நாட்டில் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். இருந்தும் நண்பர் நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார். நானும்தான்.

தெரிந்திருப்பதால்தான் என்று அவருக்குச் சொன்னேன். ட்ரூஃபோவுடன் நடத்திய உரையாடலில் ஹிட்ச்காக் இதை வெகு எளிதாக விளக்கியிருக்கிறார். மேஜையடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் ஒரு கணம் திடுக்கிடுகிறோம், அவ்வளவுதான். தெரிந்துவிட்டாலோ, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பேசும் அசட்டுப் பேச்சுக்கூட நம்மைத் துடிக்க வைக்கிறது. ஆக சஸ்பென்ஸ் என்பது அறிவைப் பங்கிடுவதில் செய்யும் ஓரவஞ்சனை. பார்வையாளனுக்குக் கொடுத்ததைப் பாத்திரத்துக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. இசை, வெட்டு, கடிகாரம், கதவுப்பிடி எல்லாம் இந்தப் பங்கீட்டுக்கு ஏவல் செய்பவை.

1991 மே 21 இரவை எடுத்துக்கொள்வோம். மீனம்பாக்கத்தில் இறங்கிய ராஜீவ், போரூரிலும் பூந்தமல்லியிலும் நின்று, ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறார். அங்கே கையில் மாலையோடு ஒரு பெண் காத்திருக்கிறாள். இங்கே கார், அங்கே மாலை என்று மாறி மாறி வெட்டிக்கொண்டு போனால் போதும். கிரிஃபித் காலத்திலிருந்து சினிமாவுக்குப் பழக்கமான வித்தை. பூந்தமல்லியில் கார் நின்ற நிமிடங்கள், அங்கே கூடியிருந்தவர்களுக்கு ஒரு தலைவரைப் பார்த்த நிமிடங்கள். படத்தொகுப்பாளருக்கு அவை தாமதம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சிறுமி ராஜீவுக்கு ஒரு கவிதையைப் படித்துக் காட்டினாள். சற்று நேரத்தில் அவளும் இறந்துபோனாள். சஸ்பென்ஸின் கணக்கில் அந்தக் கவிதையும் ஒரு தாமதம்தான். அது என்ன கவிதை என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை விநாடி நீள்கிறது என்பதே அங்கே கேள்வி. கவிதை எழுதுகிறவர்களான நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

உத்தி தவறு என்று நான் சொல்லவில்லை. உத்தி எந்த இடத்தில் நாணயம் தவறுகிறது என்பதுதான் என் விசாரம். அதற்கு மறுபடியும் ஹிட்ச்காக்கிடமே போக வேண்டியிருக்கிறது.

ஜோசஃப் கான்ராடின் 'தி சீக்ரெட் ஏஜென்ட்' நாவலைத் தழுவி 1936இல் அவர் எடுத்த படம் 'சபட்டாஜ்'. ஒரு பையன் பொட்டலம் ஒன்றை லண்டனுக்குக் குறுக்கே கொண்டு போகிறான். உள்ளே வெடிகுண்டு, 1.45க்கு வெடிக்க வேண்டும். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெருவில் சாமான் விற்கிறவன் பிடித்து நிறுத்திக்கொள்கிறான், ஊர்வலம் வழிமறிக்கிறது, பஸ் போக்குவரத்தில் சிக்கிக்கொள்கிறது. கடிகாரங்கள், பொட்டலம், பையன் முகம், பக்கத்து சீட்டில் ஒரு நாய்க்குட்டி. ஷாட்டுகள் குறுகிக்கொண்டே வருகின்றன. குண்டு வெடிக்கிறது. பையன் சாகிறான். பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். பையனைக் கொன்றது தவறு என்று ஹிட்ச்காக்கே பிற்பாடு ஒப்புக்கொண்டார். எனக்கு அது தவறாகப் படவில்லை. பொட்டலத்தை அத்தனை முறை க்ளோஸ்-அப்பில் காட்டியும், அதைச் சுமக்கும் கைக்கு அது என்னவென்று தெரியாது என்பதை அந்தப் படம் ஒரு கணமும் நம்மை மறக்க விடுவதில்லை. அறிவு நம்மிடம் இருக்கிறது, பளு அவனிடம் இருக்கிறது. இந்த இடைவெளியை அவர் கடைசிவரை காப்பாற்றுகிறார்.

குற்றத் தொடர்கள் இந்த இடைவெளியைத்தான் சத்தமில்லாமல் மூடிவிடுகின்றன.

ஒருவன் கடையில் இரண்டு 9 வோல்ட் பாட்டரி வாங்குகிறான். இதை ஒரு டைரக்டர் படமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணம் தயாராக இருக்கிறது. கண்ணாடி அலமாரி, எண்ணப்படும் சில்லறை, பாட்டரி மட்டும் திரையை நிறைக்கும் க்ளோஸ்-அப், அடியில் தாழ்ந்த ஒரு சுருதி. பிறகு வாங்கியவன் முகம். குலெஷோவ் செய்து காட்டியது இதுதான்: முகம் ஒன்றுமே சொல்லாவிட்டாலும், பக்கத்தில் எதை ஒட்டுகிறோமோ அதைச் சொல்லிவிடும். வெடிக்கப் போவது நமக்குத் தெரியும். நம்முடைய அறிவு பாட்டரிக்குப் போகிறது, பாட்டரியிலிருந்து அந்த முகத்துக்கு ஏறுகிறது. அவன் தெரிந்தே வாங்குகிறான் என்று நம்பிவிடுகிறோம். யாரும் சொல்லவில்லை, ஷாட் சொல்லிவிட்டது.

ஆனால் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருந்தது அதைத்தானே? 1991 ஜூனில் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. தடா சட்டப்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்பட்டது. அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன் 2013இல் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார்: பாட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. ஒரு வாக்கியம் வெட்டப்பட்டிருந்தது. அதைப் படத்தொகுப்பு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? 2014இல் மரண தண்டனை ஆயுளாயிற்று. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நிரபராதி என்று தீர்ப்பாகவில்லை. அந்த வேறுபாட்டை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கு முக்கியமானது, அவனுக்குத் தெரியுமா என்ற கேள்வி 22 வருஷத்துக்குப் பிறகும் திறந்திருந்தது என்பது. க்ளோஸ்-அப் அதை மூன்று விநாடியில் மூடிவிடும்.

நண்பருக்கு இது உடனே புரிந்தது. வாழ்நாளில் பாதியை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் முன்னால் கழித்தவர். "நான் கடைஞ்சு குடுத்த புஷ் எங்க போச்சுன்னு எனக்கு எப்பய்யா தெரிஞ்சிருக்கு? பம்புக்கோ, லாரிக்கோ, ஆவடி டாங்கிக்கோ" என்றார். உதிரிபாகம் செய்கிறவனுக்கு முழுமை தெரியாது. இந்தப் பக்கத்துப் பிழைப்பே அப்படித்தான். முழுமையைப் பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் ஒவ்வொரு பாகமும் சதியாகத் தெரியும்.

அந்த இரவுக்கு நிஜமான காட்சிப் பதிவும் ஒன்று உண்டு. குண்டுவெடிப்பில் செத்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் காமிராவில் கிடைத்த பத்துப் படங்கள். விசாரணைக்கே அவைதான் கண் கொடுத்தன. அவற்றில் தொடரின் பரபரப்பு இல்லை. மாலை வைத்திருப்பவள், பக்கத்தில் நிற்பவர்கள், எல்லார் மேலும் ஒரே ஃப்ளாஷ் வெளிச்சம். யார் கொல்லப் போகிறவள், யார் சாகப் போகிறவர்கள் என்று அந்தப் படங்கள் பிரித்துச் சொல்வதில்லை. பிரிப்பது நாம். அந்த நடுக்கம் நாம் கொண்டு போவது.

தொடரின் பெயருக்கு வேட்டை என்று பொருள். வேட்டையில் பார்வை வேட்டைக்காரனுடையது. புத்தகத்தின் பெயரோ 90 நாள் என்று ஓடும் கடிகாரம். 1991 ஆகஸ்ட் 20, பெங்களூர் கோணனகுண்டே வீட்டில் சிவராசனும் கூட்டாளிகளும் பிணமாகக் கிடைத்ததோடு அந்தக் கடிகாரம் நின்றுபோகிறது. பூந்தமல்லியின் கடிகாரம் அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கியது. அங்கே சிறப்பு நீதிமன்றத்தில் மூடிய கதவுக்குள் விசாரணை, 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு. 1999 மேயில் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. சஸ்பென்ஸின் இலக்கணத்தில் இந்த 19 பேருக்கு எந்த ஷாட் இருக்கிறது? முதல் காட்சியிலிருந்தே அவர்கள் மேல் அந்தத் தாழ்ந்த சுருதி ஒலித்துக்கொண்டிருக்குமே, அதைப் பிற்பாடு யார் எடுப்பது?

பாட்டரிக் காட்சியை நீங்கள் எப்படி எடுப்பீர்கள் என்று நண்பர் மடக்கினார். கடைக்கு எதிர்ச்சாரியிலிருந்து, ஒரே ஷாட்டில் என்றேன். அவனுக்கு முன்னால் ஒருவர் டார்ச் பல்பு வாங்குவார், பின்னால் ஒரு அம்மாள் ரேடியோ ரிப்பேருக்குக் கொடுப்பார். மூன்று பேருக்கும் சம நேரம், சம தூரம், தெருச் சத்தம் மட்டும்.

"எவன் பார்ப்பான்? அடுத்ததுக்குத் தள்ளிட்டுப் போயிடுவான்" என்றார் நண்பர்.

போகலாம். பையனைச் சாகவிட்ட டைரக்டர் மேலும் 1936இல் கோபப்பட்டார்கள். அந்தப் பையனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, கரையான்சாவடி வழியாகப் பூந்தமல்லி போகும் பஸ்ஸில், மடியில் பொட்டலத்தோடு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் இப்போதும் அவன்தான் நினைவுக்கு வருகிறான்.