குற்றவாளி இல்லாத அநீதி

அநீதி என்றதும் அதனை இழைத்தவன் யார் என்று தேடுவது மனித இயல்பு. ஒருவனும் அகப்படாதபோது அதனை விதி என்றோ துரதிர்ஷ்டம் என்றோ சொல்லி அமைதியடைந்துவிடுகிறோம். இந்த அமைதியைக் குலைத்தவர் அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் (1949–2006).

ஜான் ரால்ஸின் 1971ஆம் ஆண்டு நூலுக்குப் பின் நீதி பற்றிய விவாதம் பெரிதும் பங்கீட்டையே சுற்றி வந்தது. முடிவெடுப்பவர் யார், யாருடைய சொல் சபையேறுகிறது என்னும் வினாக்களை யங் 1990இல் 'நீதியும் வேறுபாட்டின் அரசியலும்' என்ற நூலில் எழுப்பினார். எல்லாரையும் ஒன்றுபோல நடத்துவதே நீதி எனும்போது, ஆதிக்கம் பெற்ற குழுவின் வழக்கமே பொது அளவுகோலாகிவிடும் என்பது அவர் வாதம்.

அவர் மறைந்த பின் 2011இல் வெளிவந்த 'நீதிக்கான பொறுப்பு' என்ற நூலில், சாண்டி என்னும் கற்பனைத் தாயைக் காட்டுகிறார். குடியிருந்த கட்டடம் கைமாறுகிறது; வேலைக்குச் செல்ல வாங்கிய கார் சேமிப்பை விழுங்குகிறது; புதிய வீட்டுக்கோ மூன்று மாத வாடகை முன்பணம் வேண்டும். இரு குழந்தைகளுடன் அவள் தெருவுக்கு வரும் நிலை. இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை. ஆகவே பழி தேடுவதை விடுத்து, அந்த அமைப்பில் பங்குகொள்ளும் அனைவரும் அதனை மாற்றும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கிறார் யங்.

வாதம் வலிமையானதே. எனினும் அமைப்புகளுக்கும் ஆக்கியோர் உண்டு. அமெரிக்காவில் 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி தர மறுத்துவந்தது. வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைக் கூட்டாட்சிச் சட்டம் பரவலாகத் தடைசெய்தது 1968இல்தான். குடியிருப்புப் பிரிவினையைத் தமது 2000ஆம் ஆண்டு நூலில் யங்கே ஆராய்ந்திருக்கிறார். ஆயினும் வெள்ளையினப் பெண்ணான சாண்டியின் கதையில் அந்த வரலாறு பின்னகர்ந்து, சந்தை தானாக விளைந்தது போன்ற தோற்றம் எழுகிறது. நேரடியாகத் தீங்கிழைத்தவரைப் பழிப்பதை யங் மறுக்கவில்லை. ஆனால் அவர் தேர்ந்த உதாரணம் அவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது.

அந்நூலுக்கு முன்னுரை வரைந்த மார்த்தா நஸ்பாமும் ஒரு கேள்வி தொடுக்கிறார்: பொறுப்பை உணர்ந்தும் செய்யாதிருந்தவர், காலம் கடந்தபின் குற்றத்துக்கு உரியவர் ஆகமாட்டாரா? ஆவார் என்பதே நேர்மையான விடை. பழியற்ற பொறுப்பு மக்களை ஒரு பணிக்கு அழைக்க உதவும். அழைப்பைக் கேட்டும் அசையாதிருப்பவருக்கு அது அடைக்கலமாகிவிடக் கூடாது.