சுவரை உரசிய டயர்

2023-ல் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயங்கள் 22. அவற்றில் 21-ஐ ரெட் புல் அணியே வென்றது. மேக்ஸ் வெர்ஸ்டப்பன் ஒருவர் மட்டும் 19. முடிவு தெரிந்த ரேஸை எதற்குப் பார்ப்பது என்று அலுத்துப்போய் டிவியை அணைத்தவர்கள் பலர். அவர்கள் அலுப்பில் நியாயம் உண்டு. ஆனால் எனக்கு அணைக்க மனம் வரவில்லை. பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் விழப்போவது ஊருக்கே தெரியும். இருந்தும் விடியும்வரை யாரும் எழுந்து போவதில்லை. யார் ஜெயிப்பார் என்ற பதைப்பு அடங்கிவிட்டால், எப்படி ஜெயிக்கிறார் என்பதில் கண் ஊன்றிவிடுகிறது.

அந்த ஆண்டு மொனாக்கோ தகுதிச்சுற்றை இன்றும் போட்டுப் பார்க்கிறேன். 41 வயது ஃபெர்னாண்டோ அலோன்சோ முதலிடத்தில் இருந்தார். வெர்ஸ்டப்பனுக்கு மிச்சம் ஒரே சுற்று. அதில் மூன்றில் இரண்டு பகுதி முடிந்தபோது அலோன்சோவைவிட ஏறத்தாழ 0.2 விநாடி பின்தங்கியிருந்தார். இனி நீச்சல்குளத்தை ஒட்டிய வளைவுகளும், ரஸ்காஸ் வளைவும், கடைசித் திருப்பமும்தான். தெருவின் இருபுறமும் இரும்புத் தடுப்பு. டயர் தடுப்பில் உரசுகிறது. கால் ஆக்சிலரேட்டரை விடவில்லை. மறுபடியும் உரசல். கோட்டைத் தாண்டியபோது 0.084 விநாடி முன்னால்! உரசலுக்கும் மோதலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்திருக்கும்? ஒரு விரல்கிடை இருந்தால் அதிகம். கார்தான் எல்லாம் செய்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அதே ரெட் புல் காரில், அதே நாளில், செர்ஜியோ பெரெஸ் முதல் கட்டத்திலேயே தடுப்பில் மோதி, மறுநாள் கடைசி இடத்திலிருந்து புறப்பட்டார்.

ரெட் புல் தோற்ற அந்த ஒரே பந்தயம் செப்டம்பர் மாதம், சிங்கப்பூரில், இரவு விளக்குகளின் கீழ் நடந்தது. ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸ் முன்னால். மெக்லாரனின் லாண்டோ நாரிஸ் இரண்டாவது. பின்னால் மெர்சிடிஸ் கார்கள் இரண்டும் புது டயர் போட்டுக்கொண்டு பாய்ந்து வந்தன. முன்னே போகும் காருக்கு ஒரு விநாடிக்குள் நெருங்கினால், நேர்பாதையில் பின்னிறக்கையைத் திறந்து வேகம் கூட்டிக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. துரத்துகிறவனுக்காக வைத்த சலுகை அது. சைன்ஸ் அதைத் தலைகீழாக்கினார். ஓடித் தப்பாமல் வேண்டுமென்றே தணிந்து, நாரிஸை அந்த ஒரு விநாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நாரிஸின் இறக்கை திறந்தது. மெர்சிடிஸால் அவரைத் தாண்ட முடியவில்லை. எதிராளியையே தனக்குக் கதவாக நிறுத்திய யுக்தி இது. இருவரும் முன்பு மெக்லாரனில் ஒரே அணியில் ஓட்டியவர்கள் என்பது இன்னும் இனிப்பு. கொஞ்சம் கூடுதலாகத் தணிந்திருந்தால் நாரிஸே முந்தியிருப்பார். கொஞ்சம் விரைந்திருந்தால் கதவு திறந்துபோயிருக்கும். 62 சுற்றுப் பந்தயத்தின் இறுதிச் சுற்றுகளில், தேய்ந்த டயரில், பின்பக்கம் காட்டும் கண்ணாடியை நம்பி அவர் அளந்த அளவு அது.

அந்தக் கண்ணாடியில் எங்கும் ரெட் புல் தெரியவில்லை. ஆண்டு முழுக்க அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த வெறுமையே பேரழகாக இருந்தது. கடைசிச் சுற்றில் மெர்சிடிஸின் ஜார்ஜ் ரஸ்ஸல் சுவரில் மோதி நின்றார். சைன்ஸ் கோட்டைத் தாண்டியபோது நாரிஸ் 0.812 விநாடி பின்னால், அந்த ஒரு விநாடிக்குள்ளேயே, வந்துகொண்டிருந்தார்.