காக்கை யாரைக் கூப்பிடுகிறது?

காக்கை கூப்பிட்டுச் சாப்பிடும், மனுஷன்தான் ஒளித்துவைத்துச் சாப்பிடுவான். பள்ளியில் குறள் 527-க்கு நமக்குச் சொல்லித்தந்த பொருளின் சாரம் இவ்வளவுதான். பகிர்ந்துண்ணலுக்கு ஒரு கறுப்புப் பறவை சாட்சி சொல்லிவிட்டது. அதற்குமேல் அதனிடம் கேட்க நமக்கு ஒன்றுமில்லை.

உயிரியலாளர் பெர்ண்ட் ஹைன்ரிச்சுக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. 1989-இல் வெளியான அவருடைய 'ரேவன்ஸ் இன் வின்டர்' முழுக்க அந்த ஒரே கேள்வியைப் பற்றிய புத்தகம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில் அவருக்கு ஒரு மரவீடு உண்டு. 1984 இலையுதிர்காலத்தில் அந்தக் காட்டில் ஒரு மூஸ் மான் செத்துக் கிடந்தது. ரேவன்கள் கூட்டமாகத் தின்றுகொண்டிருந்தன, ஒரே கூச்சல். ரேவன், நம் அண்டங்காக்கையின் பேரினத்தைச் சேர்ந்த, அதைவிடப் பெரிய பறவை. இவ்வளவு இறைச்சி கிடைத்தால் கமுக்கமாகத் தின்றுவிட்டுப் போகாமல் எதற்கு ஊரைக் கூட்டுகின்றன?

'தாராள மனசு' என்று நாம் முடித்திருப்போம். ஹைன்ரிச் முடிக்கவில்லை. செத்த கன்றுகளையும் மான்களையும் பனிக்குள் இழுத்துப்போய்ப் போடுகிறார். இருட்டு விலகும் முன்பே மறைவிடத்தில் உட்கார்ந்துகொள்கிறார். பறவைகளைப் பிடித்துச் சிறகில் அடையாளம் கட்டுகிறார். அவற்றின் கூவலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டுப் பார்க்கிறார். பல நாட்கள் எதுவுமே நடப்பதில்லை. அதையும் எழுதுகிறார். நடுப்பகுதி அலுப்பூட்டுவது உண்மைதான். இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கைத் துரத்துகிறவர்களுக்கு இந்த அலுப்பு பழக்கமானது. காரணம் தெரிவதற்கு முன்பு கதை சொல்லிவிடக் கூடாது என்கிற ஒழுக்கம் அது. இந்தப் புத்தகத்தின் அழகும் அதில்தான் இருக்கிறது.

கிடைத்த விடை கொஞ்சம் கசப்பானது. முதிர்ந்த ஜோடிக்குச் சொந்த எல்லை உண்டு. அங்கே விழும் இரையை அது அதிகம் சத்தமில்லாமல் தின்னும், மற்றவற்றை விரட்டும். கூவுவது, எல்லை எதுவும் இல்லாமல் அலையும் இளம் பறவைகள். தனியாக வந்தால் அடி வாங்கும். கூட்டமாக வந்தால் ஜோடியால் ஒன்றும் செய்ய முடியாது. பகிர்வது நிஜம்தான், ஆனால் பகிர்ந்தால் மட்டுமே அவற்றுக்குச் சாப்பாடு.

அப்படியானால் குறள் பொய்யா? அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அறத்துப்பாலின் ஈகையிலோ விருந்தோம்பலிலோ இல்லை. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில், 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் இருக்கிறது. உறவைச் சேர்த்து வைத்துக்கொள்கிறவனுக்கே செல்வம் நிலைக்கும் என்பது அங்கே பேச்சு. தானத்தைவிடக் கூட்டுபலமே அதன் அக்கறை. ஈகைக்கான பாடமாக மாற்றியது நாம். உடனே 'வள்ளுவர் அன்றே சொன்னார்' என்று வாட்ஸப்பில் ஃபார்வர்டு செய்துவிட வேண்டாம். ரேவன் வேறு இனம், மெய்ன் வேறு நிலம். நம் ஊர்க் காக்கை ஏன் கரைகிறது என்பதை நம் ஊரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் வருத்தம் அங்கேதான். நம் எழுத்தில் காக்கை விருந்து வருவதைச் சொல்லும், பித்ருவாக வந்து சோறு எடுக்கும், ஒற்றுமை கற்பிக்கும். எல்லாம் நமக்காகச் செய்யும் வேலைகள். தனக்காக அது என்ன செய்கிறது என்று தமிழில் எழுதிய மா. கிருஷ்ணன் மாதிரியான ஆட்கள் மிகக் குறைவு. இத்தனைக்கும் மெய்ன் வரை போக வேண்டியதில்லை. கிராமத்து வீட்டில் மதில்மேல் தினம் சோறு வைக்கிறோம். முதலில் வரும் காக்கை எல்லா நாளும் கரைகிறதா? எது கரைகிறது, எது பேசாமல் கவ்விக்கொண்டு பறக்கிறது? பின்னால் அணிலும் மைனாவும் எப்போது நெருங்குகின்றன? ஒரு நோட்டும் ஒரு வருஷமும் போதும், தொடங்குவதற்கு.

காக்கையின் பெருந்தன்மை போய்விட்டதே என்று இந்தப் புத்தகத்தை மூடும்போது எனக்குத் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது. அந்தக் காட்டில் இடம் உள்ளவை அடக்கமாகத் தின்கின்றன. இடம் இல்லாதவைதான் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன.